மூன்று வயர் விளக்கு

கிழக்கேகோட்டைக்குள் இருக்கிற தெருக்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கிணற்றுக்காரன் வன்னியபெருமாளைக் கொன்றது அவன் பெண்டாட்டி பிச்சைக்கனிதான் என்று. வேண்டுமென்றே செய்தாள் என்று ஒருவரும் சொல்வதில்லை. அந்த அளவுக்கு நல்லவர்கள். கை தவறிச் சுவிட்சைப் போட்டுவிட்டாள், பாவம் என்பார்கள். அந்தப் 'பாவம்' இருக்கிறதே, அது செருப்படியைவிட மோசம். அடித்தவனைத் திருப்பிக் கேட்கலாம். பாவம் என்கிறவர்களிடம் என்னத்தைக் கேட்பது?

அவளுக்கே கொஞ்ச நாளில் சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை போட்டுத்தான் இருப்பேனோ? புருஷன் போன துக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். அவனைக் கொன்றது தன் கையா இல்லையா என்று தனக்கே தெரியாமல் போனதுதான் அவளைத் தின்றது. சோற்றைப் பிசையும்போது வலது கையைப் பார்ப்பாள். அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவாள்.

புருஷனும் பெண்டாட்டியும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். மீனம், மேடம் என்று மலையாளத்தார் சொல்கிற பங்குனி, சித்திரை மாதங்களில் கிணறுகளில் தண்ணீர் இறங்கியதும் அவர்களுக்கு வேலை. வன்னியபெருமாள் உள்ளே இறங்கிச் சேற்றை வாரிக் கூடையில் போடுவான். அவன் இடுப்பில் கட்டிய வடம் மேலே பிச்சைக்கனியின் கையில் இருக்கும். வடத்தை இரண்டு தடவை சுண்டினால் கூடையைத் தூக்கு என்று அர்த்தம். விடாமல் சுண்டினால் என்னைத் தூக்கு. அந்த வடத்தை அவள் வேறு ஆள் கையில் கொடுத்ததே கிடையாது.

மோட்டார் இருக்கிற கிணறு என்றால் அவனுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. இறங்குவதற்கு முன் வீட்டுக்காரர்களிடம் பியூஸ் கட்டையைக் கேட்டு வாங்குவான். பீங்கான் கட்டைதான், உள்ளங்கை அளவு. அதை வேட்டி மடிப்பில் இடுப்போடு செருகிக்கொண்டுதான் காலை உள்ளே வைப்பான். கட்டை தன்னிடம் இருக்கிறவரைக்கும் மேலே எந்தத் தடியன் எந்தச் சுவிட்சைத் தட்டினாலும் மோட்டார் ஓடாது. "சுவிட்சை ஆப் பண்ணியாச்சு, இறங்கு" என்று யாராவது சொன்னால், "நீங்க பண்ணுனத நான் கெணத்துக்குள்ள நின்னு எப்பிடிய்யா பாக்க?" என்று கேட்பான். ஆள் சாதுதான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பிடித்த பிடி விடமாட்டான்.

நீலாம்பாள் வீட்டில் இதுதான் வம்பு. கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் நீளமான வீடு. பியூஸ் பலகை உள்ளே, பூஜை அறையை ஒட்டிய நடையில் இருந்தது. கிணற்றுக்காரர்கள் கொல்லைப்புறத்தோடு சரி. அடுக்களைப் படிகூட ஏறக்கூடாது. ஆக ஒவ்வொரு தடவையும் நீலாம்பாள் மாமிதான் கட்டையைக் கழற்றிக் கொண்டுவந்து தரையில் வைக்க வேண்டும். இவன் எடுத்துக்கொள்வான். வேலை முடிந்து இவன் தரையில் வைத்தால், அதன்மேல் தண்ணீர் தெளித்துத்தான் மாமி உள்ளே எடுப்பாள். கரண்டு ஓடுகிற கட்டைக்குத் தண்ணீர்! ஒரு தடவை ஈரத்தோடு மாட்டி, படார் என்று வெடித்து, வீடே ஒரு ராத்திரி முழுக்க இருட்டில் கிடந்தது. மாமி கெட்டவள் இல்லை. பசி என்று வந்தவனை அனுப்பமாட்டாள். ஆனால் மடி, ஆசாரம் என்று வந்துவிட்டால் அவளுக்குக் கண் தெரியாது.

இந்தத் தொல்லைக்கு வழி கண்டுபிடித்தவன் கோமதிநாயகம். பிச்சைக்கனியின் தம்பி.

ஆத்தா செத்தபோது அவன் கைக்குழந்தை. இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். கிணற்றுச் சேற்றில் சம்பாதித்து அவனை ஐ.டி.ஐ.யில் படிக்க வைத்தார்கள். இப்போது சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் நிற்கும். அக்காளைப் படியேற விடாத அந்த வீட்டில், பேன்ட் போட்டுக்கொண்டு ஸ்க்ரூடிரைவரோடு போன தம்பி பூஜை அறை நடைவரைக்கும் போய் வந்தான். "வாப்பா மெக்கானிக்" என்று மாமி காபிகூடக் கொடுத்தாள். அதைப் பிச்சைக்கனி கொல்லையிலிருந்து பார்த்தாள். பொறாமை இல்லை, பெருமைதான். ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

அவன் யோசனை இதுதான். பியூஸ் பலகைக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் ஒரு ரிலே. கொல்லைச் சுவரில், கிணற்றிலிருந்து நாலு எட்டில், ஒரு சின்னச் சுவிட்ச். அங்கே வருவது வெறும் பன்னிரண்டு வோல்ட்; மழையில் நனைந்த கையால் தொட்டாலும் ஒன்றும் செய்யாது. சுவிட்சுக்கு மேலே ஒரு விளக்கு. அது புதுசாக வந்த எல்.இ.டி. ஒரே மணி, ஆனால் இரண்டு நிறம் காட்டும்.

"சிவப்பு எரிஞ்சா மோட்டார் நின்னாச்சுன்னு அர்த்தம். பச்சைன்னா ஓடுது" என்றான் கோமதிநாயகம். "பாத்தவொடனே தெரியும். அத்தான் கட்டைய இடுப்புல சொருகிட்டு அலைய வேண்டாம், மாமிக்கும் தொந்தரவு இல்ல."

வயர் இழுத்த அன்று பிச்சைக்கனிதான் கூட நின்றாள். அடுக்களைச் சுவரின் வெளிப்பக்கமாக அவன் ஆணி அடித்துக்கொண்டே போக, இவள் வயரைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டே வந்தாள். சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்று மூன்று வயர்.

"இந்தப் பெட்டிக்குள்ள என்னல இருக்கு?" என்று கேட்டாள்.

அவன் உற்சாகமாகச் சொன்னான். "ஒரு கம்பிச் சுருள் இருக்கும்க்கா. சுவிட்சப் போட்டா அது காந்தமாகி ஒரு இரும்பு நாக்க இழுக்கும். அந்த நாக்கு போயி ஒட்டுனா மோட்டாருக்குக் கரண்டு போவும். சுவிட்ச ஆப் பண்ணுனா நாக்கு பிரிஞ்சிரும்."

"பிரியலன்னா?"

"அதெல்லாம் பிரியும்" என்று சிரித்தான்.

ரிலே புதுசு இல்லை. கடையில் கிடந்த ஒரு பழைய பிரிட்ஜ் ஸ்டெபிலைசரில் இருந்து கழற்றியது. பிரிட்ஜுக்குத் தாங்கினது மோட்டாருக்குத் தாங்காதா என்று நினைத்துவிட்டான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. சீக்கிரம் செய்து காட்டவேண்டும் என்ற துடிப்பு. விளக்கு முதல் தடவை எரிந்தபோது மாமி இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பச்சை, சிவப்பு, பச்சை என்று நாலைந்து தடவை போட்டுப் போட்டுப் பார்த்தாள். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டு, எங்கள் வீட்டுக்கும் ஒன்று என்றார்கள்.

அந்தப் பங்குனியில் மாமி வீட்டுக் கிணற்றைத் தூர்வாரப் போனார்கள். அது ஆழமான கிணறு. பாதி ஆழத்தில் ஒரு கல் திட்டு. அதன்மேல் மோட்டாரும், பெல்ட் போட்ட பழைய பம்பும். அதிகாலையிலேயே மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அடிச்சேறு தெரிகிற சமயத்தில் கரண்டு போயிற்று. அந்த வருஷம் மழை பொய்த்து, கரண்டு இப்படித்தான் சொல்லாமல் கொள்ளாமல் போய் வரும். வரும்போதும் முதலில் சோகையாக வந்து, கொஞ்சம் கழித்துத்தான் மோட்டார் ஓடுகிற அளவுக்கு ஏறும். மோட்டார் நின்றது. விளக்கு அணைந்தது. தம்பி சொல்லிக் கொடுத்திருந்தபடி பிச்சைக்கனி போய்ச் சுவிட்சை ஆப் செய்துவிட்டு வந்தாள்.

வன்னியபெருமாள் வடத்தைக் கட்டிக்கொண்டான். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தவன் இறங்காமல் இடுப்பைத் தடவிப் பார்த்தான். "எதுக்கும் கட்டைய ஒருவாட்டி கேட்டுரட்டா?"

உள்ளே மாமி பூஜையில் இருந்தாள். மணிச் சத்தம் கேட்டது. கூப்பிட்டால் திட்டு விழும்.

"என் தம்பி வச்ச வெளக்கு இருக்கு. பின்னே கட்டை எதுக்கு?" என்றாள் பிச்சைக்கனி.

அவன் சிரித்தான். "சரிதான். மெக்கானிக்குக்க அக்கா சொல்லியாச்சு" என்று இறங்கிப் போனான். அதுதான் அவன் அவளிடம் கடைசியாகப் பேசியது. கேலி பேசிக்கொண்டே போனான். 

நாலைந்து கூடை சேறு மேலே வந்திருக்கும். திட்டு மேல் ஏறி பம்பின் குழாயில் அடைத்திருந்த பாசியைப் பிடுங்குகிறேன் என்று கீழேயிருந்து குரல் கொடுத்தான். அப்போது மாமி வீட்டு ரேடியோ திடீரென்று பேச ஆரம்பித்தது. கரண்டு வந்துவிட்டது. பிச்சைக்கனி வடத்தைக் கல்தூணில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, விளக்கைப் பார்க்கப் போனாள். வடத்தை விட்டுவிட்டுப் போனாள். சிவப்பு. நல்ல சிவப்பு. நின்றுதான் இருக்கிறது என்று மனசு லேசாயிற்று.

கரண்டு முழுசாக ஏறிய அந்தச் சமயத்தில்தான் கிணற்றுக்குள் மோட்டார் உறுமியது.

ஒரு அலறல் கேட்டது. அவள் கை சுவிட்சுக்குப் போயிற்று. ஆப்பில் இருக்கிற சுவிட்சை எப்படி ஆப் செய்வது? மேலே தட்டினாள், கீழே தட்டினாள். பச்சை, சிவப்பு, பச்சை. விளக்கு அவள் சொன்னபடியெல்லாம் மாறியது. மோட்டார் மாறவில்லை. அது பாட்டுக்கு ஓடியது. தொய்ந்து கிடந்த வடத்தைப் பெல்ட் இழுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தது; வடத்தின் மறுமுனையில் அவள் புருஷன். அலறலைக் கேட்டு மாமி ஈரப்புடவையோடு ஓடி வந்தாள். அவள் பார்த்தபோது விளக்கு பச்சை, பிச்சைக்கனியின் கை சுவிட்சின் மேல். "என்னடி பண்றே பாவி!" என்று கத்திவிட்டு உள்ளே ஓடி, பியூஸ் கட்டையைப் பிடுங்கியது மாமிதான். மோட்டார் நின்றது. கீழே ஒரு சத்தமும் இல்லை.

மாமி பொய் சொல்லவில்லை. போலீஸ்காரர் கேட்டதற்கும் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னாள். கைப்பிசகாக நடந்த விபத்து என்று முடித்துக்கொண்டார்கள். யாரையும் பிடிக்கவில்லை. சாயங்காலம் கோமதிநாயகம் நடைக்குப் போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, கொஞ்ச நேரம் உள்ளே என்னவோ செய்துவிட்டு வந்தான். எல்லாம் சரியாக இருக்கிறது என்றான். அவன் முகத்தைப் பார்க்கிற நிலையில் அன்றைக்கு அக்காள் இல்லை.

வன்னியபெருமாளின் தம்பி இசக்கிப்பாண்டி அவர்கள் குடியிருந்த லயன் வீட்டு வரிசையிலேயே அடுத்த அறையில் இருந்தான். அவனும் கிணற்று வேலைதான். அன்று நெய்யாற்றின்கரைப் பக்கம் போயிருந்தான். திரும்பி வந்து அண்ணனைப் பார்த்தவன், கருமாதி முடிகிறவரைக்கும் வாய் திறக்கவில்லை. முடிந்ததும் அவளுடைய பெட்டியை வெளியே வைத்தான். "எங்க அண்ணன் வடத்த நம்பிக் குடுத்தான். இவ வடத்த விட்டுட்டு சுவிட்சத் தட்டிட்டு நின்னுருக்கா" என்றான், அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து. அதுவரை வாய்க்கு வாய் மதினி என்று கூப்பிட்டவன். அதற்குப் பிறகு அந்த வார்த்தை அவன் வாயில் வரவே இல்லை.

கரமனையில் தம்பி எடுத்திருந்த ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தாள். தம்பி நல்லபடியாகத்தான் வைத்துக்கொண்டான். வேளாவேளைக்கு ஓட்டலில் சோறு வாங்கி வருவான். "நடந்தது நடந்து போச்சு, விடுக்கா" என்பான். நீ செய்யவில்லை என்று மட்டும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஊர் முழுக்கச் சொல்கிறது, மாமி கண்ணால் பார்த்திருக்கிறாள், தம்பியும் மறுக்கவில்லை. பிச்சைக்கனி படுத்துக்கொண்டு யோசிப்பாள். முதலில் மோட்டாரா, முதலில் கையா? யோசிக்க யோசிக்கக் கை முன்னால் வந்துகொண்டே இருந்தது.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கோமதிநாயகம் தரையில் பழைய பேப்பரை விரித்து வேலை செய்துகொண்டிருந்தான். மாமி வீட்டுக்கு எதிர்வீட்டில் கேட்டிருந்த விளக்கு. ஈயம் உருகுகிற வாசனை அறை முழுவதும் இருந்தது. பிச்சைக்கனி சுவரில் சாய்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சுவிட்ச் பெட்டியின் ஓட்டை வழியாக வயர்களை ஒவ்வொன்றாக இழுத்தான். சிவப்பு, கறுப்பு, மஞ்சள். அதோடு நிற்கவில்லை. நீலம் வந்தது. அப்புறம் வெள்ளை வந்தது.

"ஏல, அன்னைக்கு மூணு வயருதானே?" என்றாள்.

அவன் கை நின்றது.

"அத்தான் எறங்குன கெணத்துக்கு மூணு வயரு. நாந்தானே பிடிச்சுக் குடுத்தேன். இதுக்கு எதுக்குல அஞ்சு?"

"இது வேற மாடல்க்கா."

"அதே வெளக்கு. அதே சுவிட்சு. எதுக்கு அஞ்சு?"

  கையிலிருந்த சால்டரிங் கம்பி பேப்பரில் பட்டுக் கரிந்து புகைந்ததைக்கூட அவன் கவனிக்கவில்லை. பிச்சைக்கனி எழுந்து வந்து கம்பியை எடுத்து ஓரமாக வைத்தாள். அவன் முகத்தை நிமிர்த்தினாள். சின்ன வயசில் திருடித் தின்றுவிட்டு வந்தால் இப்படித்தான் நிமிர்த்துவாள்.

"சொல்லுல."

"அந்த மூணு வயரு வெளக்கு சுவிட்சக் கேட்டுத்தான்க்கா எரியும்" என்றான் மெதுவாக. "சுவிட்சு ஆப்புன்னா செவப்பு, ஆன்னுன்னா பச்ச. அவ்வளவுதான். பெட்டிக்குள்ள ரிலே என்ன பண்ணுதுன்னு அதுக்குத் தெரியாது. இந்த நீலமும் வெள்ளையும் ரிலேயில இருந்து வருது. நாக்கு உண்மையிலேயே பிரிஞ்சாத்தான் இதுல செவப்பு எரியும்."

"அன்னைக்கு நாக்கு பிரியலயா?"

அவன் அழுதான். "மோட்டாரு இழுத்த இழுப்புல தீப்பொறி பறந்து ஒட்டிப் போச்சுக்கா. உருகி ஒட்டிப் போச்சு. கரண்டு போனப்பவும் அப்பிடியேதான் ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. நான் போயி நெம்பித்தான் எடுத்தேன்."

பிச்சைக்கனி தன் வலது கையைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். இந்தக் கை இல்லை. கை பின்னால்தான் போயிற்று, மோட்டார்தான் முன்னால். அவளுக்கு முதலில் வந்தது கோபம்கூட இல்லை. வெகுநாள் தலையில் இருந்த சுமையை யாரோ இறக்கியது போல ஒரு களைப்பு. அதற்கப்புறம்தான் கோபம் வந்தது.

"இத்தன நாளா நான் சோறு தின்ன முடியாமக் கெடந்தேன். பாத்துக்கிட்டே இருந்தியே."

"வயர்மேன் லைசென்சுக்கு எழுதிப் போட்டுருக்கேன்க்கா. இது தெரிஞ்சா எல்லாம் போச்சு. ஜெயில்ல போட்டுருவாங்க. உன்ன யாரும் ஒண்ணும் செய்யலயே. கைப்பிசகுன்னு விட்டுட்டாங்களே."

"அந்த வீட்டுப் பெட்டிய மாத்திட்டியா?"

"ரிலேய மாத்திட்டேன்."

"வயரு?"

அவன் தலையைக் குனிந்தான். "அஞ்சு வயரு இழுத்தா ஏன்னு கேப்பாங்கல்லா. ரிலே நல்ல ரிலேதான். அதே ஸ்டெபிலைசர்ல இருந்த இன்னொண்ணு." கொஞ்சம் பொறுத்து, அவளைப் பார்க்காமலே சொன்னான்: "இன்னைக்கு அங்க தண்ணி இறைக்காங்க. சாவு விழுந்த கெணறு, தூர்வாராம தண்ணி எடுக்கக் கூடாதுன்னு. இசக்கிப்பாண்டி எறங்குதான்."

அவள் எழுந்து ஓடினாள். செருப்பு போடவில்லை. கரமனைப் பாலத்திலிருந்து கோட்டைவரைக்கும் பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல், பாதி நடையும் பாதி ஓட்டமுமாகப் போனாள். ஒருமுறை ஒட்டினது என்றால் இன்னொரு முறையும் ஒட்டும். அதே ஸ்டெபிலைசர், அதே மோட்டார், அதே மூன்று வயர். இசக்கிப்பாண்டி அவளைத் துரத்தியவன்தான். ஆனால் அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை அவளால் கேட்க முடியாது.

பின்பக்கச் சந்து வழியாகக் கொல்லைக்குள் நுழைந்தபோது மோட்டார் சத்தம் இல்லை. இசக்கிப்பாண்டி வடத்தைப் பலாமரத்தில் தானே கட்டிவிட்டு, ஒரு காலைக் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் போட்டிருந்தான். சுவிட்சுக்குக் கீழே முக்காலி போட்டு நீலாம்பாள் மாமியே காவலுக்கு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குப் போலவே சோகைக் கரண்டு; தலைக்கு மேலே விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. நடந்ததிலிருந்து மாமி கற்றுக்கொண்ட பாடம் அதுதான். இந்தத் தடவை ஒரு கையும் சுவிட்சுக்கிட்டே வரவிடக்கூடாது.

"இவ எதுக்கு வந்தா?" என்று இசக்கிப்பாண்டி காலை எடுக்காமல் கேட்டான்.

"எறங்காதீங்க" என்றாள் பிச்சைக்கனி, மூச்சு வாங்க.

"நீ தள்ளி நில்லுடியம்மா" என்றாள் மாமி, அவசரமாகச் சுவிட்சைக் கையால் மறைத்துக்கொண்டு. "செவப்புதான் எரியறது. நான் கண்கொட்டாம பாத்துண்டிருக்கேன். இங்க வராதே."

பிச்சைக்கனி சுவிட்சுப் பக்கம் போகவே இல்லை. அடுக்களைப் படியில் ஏறினாள். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் மிதிக்காத படி. புழுதிக் காலோடு அடுக்களைக்குள் புகுந்து, நடைக்குள் போனாள். "அய்யய்யோ, எங்கடி உள்ள போறே! கேசவா! பகவானே!" என்று மாமி பின்னால் அலறிக்கொண்டு வந்தாள். பூஜை அறையில் குத்துவிளக்கு எரிந்தது. அதற்குப் பக்கத்துச் சுவரில் தகரப் பெட்டி. பெட்டிக்கு மேலே பியூஸ் பலகை. புருஷன் இடுப்பில் எத்தனையோ தடவை பார்த்த அதே வெள்ளைக் கட்டை. பிடித்து இழுத்தாள். கையோடு வந்தது.

கொல்லைக்கு வந்தபோது சுவரில் விளக்கு அணைந்திருந்தது.

"இந்த வெளக்கு பொய் சொல்லுது" என்றாள் இசக்கிப்பாண்டியைப் பார்த்து. "இது சுவிட்ச மட்டுந்தான் பாக்கும். உள்ள ரிலே ஒட்டிக்கிட்டா இதுக்குத் தெரியாது. அன்னைக்கும் செவப்புதான் எரிஞ்சிது. அதப் பாத்துக்கிட்டு நின்னேன். மோட்டாரு ஓடுன பெறவுதான் என் கை சுவிட்சுக்குப் போச்சு."

"நான் பாத்தேனே" என்றாள் மாமி. குரல் நடுங்கியது. தீட்டுக்கு நடுங்கியதா வேறு எதற்கா என்று தெரியாது. "பச்சைதான் எரிஞ்சுது. உன் கை அதும்மேல இருந்துது."

"நீங்க பாத்தது நெசந்தாம்மா. நீங்க வர்றதுக்கு முந்தி நடந்ததச் சொல்லுதேன்."

அந்த நேரம் சந்தில் சைக்கிள் விழுகிற சத்தம் கேட்டது. கோமதிநாயகம் வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தான். பிச்சைக்கனிக்கு அவனைப் பார்த்ததும் நெஞ்சு நிறைந்துவிட்டது. என்ன இருந்தாலும் நான் வளர்த்த பிள்ளை, வந்துவிட்டான் பார் என்று நினைத்தாள்.

"நீயே சொல்லுல" என்றாள். "மூணு வயருக்கும் அஞ்சு வயருக்கும் உள்ளதச் சொல்லு."

மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். அவன் மாமியைப் பார்த்தான். மாமியின் பின்னால் திறந்து கிடந்த அடுக்களைக் கதவைப் பார்த்தான். சட்டைப் பையில் நின்ற டெஸ்டரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"வெளக்கு சரியாத்தான் இருக்கும்மா" என்றான். "அத்தான் போனதுல இருந்து அக்காவுக்கு மனசு சரியில்ல. நான் கூட்டிட்டுப் போயிருதேன்."

 பிச்சைக்கனிக்கு அவனை இடுப்பில் வைத்துத் திரிந்த காலம் ஒரு நிமிஷம் நினைவுக்கு வந்து போயிற்று. பெற்ற பிள்ளை இப்படிச் செய்திருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது. பியூஸ் கட்டையை மட்டும் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிய்த்துத்தான் எடுக்க வேண்டும், தரமாட்டேன் என்று.

 இசக்கிப்பாண்டி கைப்பிடிச் சுவரிலிருந்து காலை எடுத்துத் தரையில் வைத்தான். கோமதிநாயகத்தை மேலும் கீழும் பார்த்தான். வேர்வையில் ஒட்டின சட்டையை, முழங்காலில் கிழிந்திருந்த பேன்ட்டை, சந்தில் விழுந்து இன்னும் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்த சைக்கிளை.

"வெளக்கு சரியா இருக்குன்னா நீ எதுக்குல இந்த ஓட்டம் ஓடி வந்தே?" என்று கேட்டான்.

  கோமதிநாயகம் அக்காளின் பக்கம் திரும்பினான். அவள் அவனைப் பார்க்கவில்லை. நின்றுகொண்டே இருந்தான். அப்புறம் மெல்லப் பின்னால் நகர்ந்து, சந்துக்குப் போய், சைக்கிளை நிமிர்த்தி, ஏறாமல் தள்ளிக்கொண்டே போனான். நீலாம்பாள் மாமி முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அணைந்து கிடந்த விளக்கை அண்ணாந்து பார்த்தாள். "செவப்பா இருந்துதா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

இசக்கிப்பாண்டி பிச்சைக்கனியின் முன்னால் வந்து கையை நீட்டினான். அவள் தயங்கித் தயங்கிக் கட்டையை அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் அதைத் துடைத்து, வேட்டி மடிப்பில், அண்ணன் செருகுகிற அதே இடத்தில் செருகிக்கொண்டான்.

பிறகு பலாமரத்துக்குப் போய், கட்டியிருந்த வடத்தை அவிழ்த்து, அதன் நுனியைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தான்.

"வடத்தப் பிடிங்க மதினி" என்றான்.

அவன் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. வடத்தை முழங்கையில் ஒரு சுற்றுச் சுற்றி, காலை அகட்டி நின்றுகொண்டாள். அவன் இறங்க இறங்க, கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள்.